கவிஞர் தானாக முளைப்பதில்லை

2021 ஜனவரி 20 அன்று ஜோ பைடன் பதவியேற்ற மேடையில் மஞ்சள் மேலங்கியும் சிவப்புத் தலைப்பட்டையுமாக நின்று கவிதை வாசித்தபோது அமாண்டா கோர்மனுக்கு வயது 22. பிறவித் திறமை என்று வியந்துவிட்டு நகர்வது எளிது. ஆனால் ஆங்கிலத்தின் 'ர' ஒலி பல ஆண்டுகள் அவர் நாவுக்குப் பிடிபடவில்லை. 'ஹாமில்டன்' இசை நாடகத்தின் பாட்டொன்றைத் திரும்பத் திரும்பப் பாடித்தான் அதைப் பழக்கினார். லாஸ் ஏஞ்சலஸில், ஆசிரியையான தாய் தனியாக வளர்த்த பெண் அவர். 'ரைட்கேர்ள்' என்ற தொண்டு அமைப்பு, பள்ளி மாணவியாக இருந்தபோதே எழுத்தாளர்களை அவருக்கு வழிகாட்டிகளாகத் தந்தது. 2017இல் அமெரிக்காவின் முதல் தேசிய இளையோர் அரசவைக் கவிஞரானார்.

உண்மையான திறமை எப்படியும் வெளிவரும், ரைட்கேர்ள் போன்ற அமைப்புகளுக்கெல்லாம் பணம் எதற்கு என்பார்கள். வெளிவந்தவர்களை மட்டும் எண்ணிச் சொல்லும் கணக்கு அது. வாய்ப்பின்றி அடங்கிப்போனவர்கள் அதில் வருவதே இல்லை. எல்லோரையும் சேர்த்தால் தரம் கெடும் என்ற அச்சத்திலும் பொருளில்லை. எழுதப் பழக எல்லோருக்கும் இடம் வேண்டும்; தரம் பார்ப்பது அதற்குப் பிந்திய வேலை.

திறந்த கதவு திறந்தே இருக்கும் என்ற உறுதியும் கிடையாது. 2023இல் புளோரிடாவின் பள்ளியொன்றில், ஒரே ஒரு பெற்றோரின் புகாரால், அந்தப் பதவியேற்புக் கவிதை சிறு வகுப்புகளின் அலமாரியிலிருந்து மேல்வகுப்பு அலமாரிக்கு மாற்றப்பட்டது.