வெள்ளைக்கல்லின் முழுக் கணக்கு



சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து வடமேற்கே சில கிலோமீட்டர் சென்றால் வெண்ணிற மேடுகளையும், அவற்றை அடுத்து ஆழமான பள்ளங்களையும் காணலாம். ஆங்கிலேயர் இவற்றைச் சுண்ணாம்புக் குன்றுகள் என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். உண்மையில் இது சுண்ணாம்பு அன்று. வெள்ளைக்கல் என்று நாம் வழங்கும் மாக்னசைட், அதாவது மக்னீசியம் கார்பனேட் ஆகும். எஃகு உருக்கும் உலைகளின் உட்சுவரில் பதிக்கும் செங்கற்கள் இதிலிருந்து செய்யப்படுகின்றன. ஆகவே இக்கல் நமக்குத் தேவையே. ஆனால் அதற்கு நாம் கொடுக்கும் விலையை முழுமையாகக் கணக்கிடுகிறோமா? இல்லை என்பதே என் கருத்து.

முதலில் கழிவைப் பாருங்கள். டூனைட் என்னும் பச்சை நிறப் பாறையின் வெடிப்புகளில் வெள்ளைக்கல் நரம்புகளைப்போல் ஓடுகிறது. சிறிதளவு கல்லுக்காகப் பல மடங்கு பாறையை உடைக்க வேண்டும். நெய்வேலியிலும் ஒரு டன் பழுப்பு நிலக்கரிக்காகப் பல டன் மண்ணை அகற்றுகிறார்கள். ஆனால் அங்கே நிலக்கரி படுகையாகப் பரந்திருப்பதால், முன்னே தோண்டிய மண்ணைப் பின்னே உள்ள பள்ளத்தில் நிரப்பிக்கொண்டே போகலாம். இங்கோ நரம்புகள் ஆழத்தை நோக்கியும் கிளைத்துச் செல்வதால் பள்ளத்தை உடனே மூட இயலாது. பாறைக் குவியல் வெளியே வளர்கிறது. காற்றில் தூசியும், மழையில் சேறும் அதிலிருந்து வருகின்றன.

அடுத்து உலையைப் பாருங்கள். நீங்களே கணக்கிடலாம். மக்னீசியம் கார்பனேட்டின் மூலக்கூறு எடை 84. சுட்டால் கிடைக்கும் மக்னீசியம் ஆக்சைடு 40. வெளியேறும் கரியமில வாயு 44. தூய கல் ஒரு டன்னைச் சுட்டால் ஏறத்தாழ 520 கிலோ காற்றில் கலந்துவிடுகிறது. எரிபொருளின் புகை இதில் சேரவில்லை.

பரிகாரம் உண்டா? உண்டு. மேல்மண்ணைத் தனியே சேமித்து, குவியலின்மேல் பரப்பி மரம் நடலாம். பாதைகளில் நீர் தெளித்தால் தூசி அடங்கும். டூனைட்டை இரும்பாலைகள் இளக்கியாகப் பயன்படுத்துகின்றன. இது இன்னும் பெருக வேண்டும்.

மற்றொரு வியப்பும் உண்டு. கரியமில வாயு கரைந்த நீர் டூனைட்டுடன் வினைபுரிந்தே இயற்கையில் வெள்ளைக்கல் உண்டாயிற்று. அதாவது, உலை வெளியேற்றும் வாயுவை மெதுவாகப் பிடித்து வைக்கும் ஆற்றல் நாம் ஒதுக்கும் பாறையிலேயே இருக்கிறது! மேற்கு ஆஸ்திரேலியாவில் மவுண்ட் கீத் நிக்கல் சுரங்கத்தின் கழிவுப் பொடி இவ்வாறு காற்றிலிருந்து கரியமில வாயுவை ஏற்பதை ஆய்வாளர்கள் அளந்துள்ளனர். எனினும் பாறையைப் பொடிக்கவும் ஆற்றல் செலவாகும். பொடி பறக்காமலும் காக்க வேண்டும். இவற்றையும் கணக்கில் சேர்த்தே இம்முறையின் பயனை மதிப்பிட வேண்டும்.

சுரங்கத்தை எப்படி மூடுவது என்ற திட்டம் தொடக்கத்திலேயே வேண்டும் என்பது 2003 முதல் நம் நாட்டில் விதி. விதி ஏட்டில் இருந்தால் போதாது. பள்ளியிலிருந்து சுரங்கம் காணச் சென்றால், “எத்தனை டன் எடுத்தீர்கள்?” என்பதோடு நிறுத்தாதீர்கள். “எத்தனை டன் கழிவு குவிந்தது? எவ்வளவு நிலத்தைத் திருத்தினீர்கள்?” என்றும் கேளுங்கள். விடையைக் குறிப்பேட்டில் எழுதி, மறு ஆண்டும் போய்க் கேளுங்கள்.