இரண்டாம் தடவை வீடு பார்க்கலாம்



ரொறன்ரோவில் எந்தக் கலியாணத்துக்குப் போனாலும், இளம் பிள்ளைகளைக் கண்டதும் பெரியவர்களுக்கு வாயில் வருகிற கேள்வி இதுதான்: "வீடு எடுத்தாச்சோ?" பாவம், அதுகள் சாப்பாட்டுத் தட்டைக் குனிந்து பார்க்கத் தொடங்கிவிடும்.

அண்மையில் நண்பர் ஒருவரின் வீட்டில் தேத்தண்ணியோடு வீட்டு விலைப் பேச்சும் வந்தது. 2022 பெப்ரவரியில் ரொறன்ரோ பெரும்பாகத்தின் சராசரி விலை 13 இலட்சம் டொலரைத் தாண்டி நின்றது. 2025இன் சராசரி 11 இலட்சத்துக்கும் கீழே. நண்பருக்கு முகம் வாடிவிட்டது. மார்க்கம் நகரில் இருக்கும் அந்த வீட்டைத்தான் அவர் தன் பென்சன் என்று நம்பியிருக்கிறார். மகளோ, "இன்னும் கொஞ்சம் இறங்கட்டும் அப்பா, நானும் எடுக்க வேண்டாமோ?" என்று சிரித்தாள்.

அவளுடைய சிரிப்பை நான்தான் கெடுத்தேன். ஒரு பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டோம். 8 இலட்சம் கடன், 2 வீத வட்டி, 25 வருடம் என்றால் மாதக் கட்டுப்பணம் 3,400 டொலருக்குச் சற்றுக் குறைவு. விலை இறங்கி, கடனும் 6 இலட்சத்து 40 ஆயிரமாகக் குறைகிறது என்று வைப்போம். ஆனால் வட்டி 4.5 வீதம். கட்டுப்பணம் 3,500ஐத் தாண்டுகிறது! கனடா மத்திய வங்கி 0.25 வீதத்தில் வைத்திருந்த தன் அடிப்படை வட்டியை 2022 மார்ச் முதல் ஏற்றத் தொடங்கி, 2023 ஜூலையில் 5 வீதத்துக்குக் கொண்டுபோனது. பிறகு இறக்கினாலும் பழைய இடத்துக்கு அது திரும்பவில்லை.

அப்படியென்றால் இளையவர்களுக்கு இதில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. அவகாசம். 2021இல் வீடு பார்க்கப் போனவர்களைக் கேளுங்கள். பதினைந்து நிமிடம் சுற்றிப் பார்த்துவிட்டு, அன்றிரவே கேட்ட விலைக்கு மேலே ஒரு இலட்சம் எழுதிக் கொடுத்தார்கள். இன்ஸ்பெக்‌ஷனும் இல்லை, மோட்கேஜ் கிடைத்தால்தான் வாங்குவேன் என்ற கொண்டிஷனும் இல்லை. கொண்டிஷன் போட்டவரின் ஓஃபரை ஏஜென்ட் திரும்பியும் பார்க்கவில்லை. இன்று இரண்டையும் எழுதலாம், பேரமும் பேசலாம். இந்தச் சந்தையில் "நாளைக்குக் கை நழுவிவிடும்" என்று யாராவது அவசரப்படுத்தினால், அவரிடமிருந்து மெல்ல விலகிவிடுங்கள்.

கட்டி முடியாத கொண்டோவை மட்டும் பத்துத் தடவை யோசியுங்கள். உச்ச விலையில் புக் பண்ணியவர்கள் இப்போது சாவி வாங்கும் நேரத்தில் திணறுகிறார்கள். வங்கி இன்றைய மதிப்பைப் பார்த்துத்தான் கடன் தருகிறது. மிச்சத்தைக் கைக்காசாகக் கட்டவேண்டும்.

இன்னொன்று. 2023 ஏப்ரலில் வந்த முதல் வீட்டுச் சேமிப்புக் கணக்கில் வருடம் 8,000, மொத்தம் 40,000 டொலர் வரை போடலாம். போடும்போது வரிச்சலுகை, வீடு வாங்க எடுக்கும்போதும் வரியில்லை. கணக்குத் திறந்த வருடத்திலிருந்துதான் அந்த வருடாந்த எல்லை சேரத் தொடங்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

நண்பரின் மகள் போன சனிக்கிழமை ஏஜாக்ஸில் ஒரு வீட்டை இரண்டாம் தடவையாகப் பார்க்கப் போனாளாம், நல்ல மழைக்குள். பேஸ்மென்டில் தண்ணி கசிகிறதா என்று பார்க்க அதுதானே நேரம். அப்பாவும் கூடப் போயிருக்கிறார், டோர்ச் லைட்டோடு.

அன்புடன்,
ஆசிரியர்