தள்ளாடும் குழந்தையைத் திட்டாதீர்கள்

"பார்த்து நடடா", "கண்ணு எங்க இருக்கு?", "இந்த வயசுலயே இப்படி விழுறியே"... அடிக்கடி விழும் குழந்தைக்கு வீட்டிலும் பள்ளியிலும் கிடைப்பது இந்த வசவுகள்தான். கையெழுத்து கோணினால் இம்போசிஷன். யாராவது இரக்கப்பட்டால், "வளர வளர சரியாயிடும்" என்பார்கள். வசவைவிட ஆபத்தானது இந்த ஆறுதல்!

நடை பழகும் குழந்தை விழுவது இயல்பு. ஆனால் நன்றாக ஓடியாடிய பிள்ளை காலை அகட்டி வைத்துத் தள்ளாடினால், சட்டைப் பட்டன் போடத் திணறினால், பேச்சு குழறினால் அது சோம்பேறித்தனம் அல்ல. மருத்துவர்கள் இதை அட்டாக்சியா என்கிறார்கள். தசையில் பலம் இருக்கும். அசைவுகளை ஒழுங்குபடுத்தும் சிறுமூளையோ, அதற்குச் செய்தி கொண்டுபோகும் நரம்புகளோ பழுதாகியிருக்கும்.

இந்தப் பெயர் தெரிந்துவிட்டால் நோய் தெரிந்துவிட்டது என்று நினைப்பதும் தவறு. காய்ச்சலைப் போல இதுவும் ஓர் அறிகுறிதான். காரணத்தைத் தேட வேண்டும்.

முதல் துப்பு, எவ்வளவு வேகமாக வந்தது என்பது. காலையில் ஓடிய குழந்தை மாலையில் தள்ளாடினால் வீட்டு மாத்திரை டப்பாவைப் பாருங்கள். பெரியவர்களின் வலிப்பு மாத்திரையோ தூக்க மாத்திரையோ உள்ளே போயிருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சின்னம்மைக்குப் பிறகு வரும் தள்ளாட்டம் பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே சரியாகும். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர், பக்கத்து வீட்டுக்காரர் அல்ல. தள்ளாட்டத்தோடு காலைநேரத் தலைவலியும் வாந்தியும் சேர்ந்தால் சிறுமூளைப் பக்கம் கட்டி இருக்கிறதா என்று தாமதிக்காமல் ஸ்கேன் எடுத்தாக வேண்டும். 'பித்தம்' என்று கஷாயம் கொடுத்துக் கடத்தும் ஒவ்வொரு நாளும் நஷ்டம்.

வருடக்கணக்கில் மெல்லக் கூடுவது பல நேரம் பரம்பரை நோய். ஜெர்மன் மருத்துவர் நிக்கோலாஸ் ஃப்ரீட்ரைக் 1863-ல் விவரித்த ஃப்ரீட்ரைக் அட்டாக்சியா இதில் முக்கியமானது. அதற்குக் காரணமான மரபணு 1996-ல் கண்டுபிடிக்கப்பட்டது. "பரம்பரைதானே, என்ன செய்ய முடியும்?" என்று கைவிரிப்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். கிட்டத்தட்ட அதே மாதிரி தோன்றும் இன்னொரு நோய் உண்டு. வைட்டமின் ஈ-யை உடல் தக்கவைத்துக்கொள்ள முடியாததால் வருவது. ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். அதிக அளவில் வைட்டமின் ஈ கொடுத்தால் மேலும் முற்றாமல் தடுக்கலாம். சீக்கிரம் தொடங்கினால்தான் பலன் அதிகம்.

அடுத்த முறை ஒரு குழந்தை விழும்போது திட்ட வாயெடுக்கும் முன், "எப்போதிலிருந்து இப்படி?" என்று கேளுங்கள். மருத்துவரும் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.