மூட்டைப்பூச்சியும் கூறைச்சேலையும்

மூட்டைப்பூச்சிக்கு அஞ்சி வீட்டைக் கொளுத்தியவன் கதையை நம்மவர் பழமொழியாக வழங்குவர். அதன் பொருள் எமக்கு நன்கு விளங்கியது, உடுப்பிட்டியில் நாம் இடையிடையே சென்றுவரும் முதியோர் இல்லம் ஒன்றிலேயாம்.

அண்மையில் ஒரு ஞாயிறன்று மாணவர் சிலரையும் அழைத்துக்கொண்டு அங்கே போயிருந்தோம். கட்டில்களில் மூட்டைப்பூச்சி பெருகிவிட்டதென்றும், மறுநாள் அறைதோறும் கடும் நஞ்சு தெளித்துப் பழந்துணிகளையெல்லாம் எரித்துவிடப் போவதாகவும் பொறுப்பாளர் கூறினார். அவர் இரக்கமுள்ளவர், முதியோர் உறக்கமின்றி வருந்துவதைக் காணப் பொறாமலே அம்முடிவுக்கு வந்திருந்தார். ஆனால், மூலைக் கட்டிலிலிருந்த ஐயா ஒருவர் தமது துணிப்பொதியை மடியிலே இறுகப் பற்றிக்கொண்டு எவரையும் அணுகவிடவில்லை.

"என்னை ஒரு பூச்சியும் கடிக்கவில்லைத் தம்பி. இதைத் தொடவேண்டாம்" என்றார். நெடுநேரம் பக்கத்திலிருந்து பேசிய பின்னரே உண்மை வெளிவந்தது. அப்பொதிக்குள் இருந்தது காலஞ்சென்ற மனைவியாரின் கூறைச்சேலை.

கடிக்கவில்லை என்று அவர் சொன்னது வெறும் பொய்யுமன்று. முதியோர் பலருடைய தோலில் மூட்டைப்பூச்சி கடித்த தடிப்புத் தோன்றுவதேயில்லை. ஆகவே, கடித்த அடையாளம் இல்லையென்பதால் பூச்சியும் இல்லையென்று கொள்ளலாகாது. மெத்தையின் தையலோரம், கட்டிற் சட்டங்களின் பொருத்து, ஆணித்துளை ஆகிய இடங்களிலே மின்சூள் கொண்டு பார்த்தல் வேண்டும். மைப்புள்ளி போன்ற கழிவும் உரித்த தோலும் காணப்படின் பூச்சி அங்கே குடியிருக்கின்றது. பெண்பூச்சி தன் வாழ்நாளில் சில நூறு முட்டைகள் இடும். குஞ்சு ஐந்துமுறை தோலுரித்தே முழுவளர்ச்சியடையும். ஒவ்வொரு முறைக்கும் முன் அதற்குக் குருதி வேண்டும். உணவின்றியும் மாதக்கணக்கில் உயிர்வாழும். அது நோய் பரப்புவதாக நிறுவப்படவில்லை. எனினும் உறக்கத்தையும் மன அமைதியையும் கெடுக்கின்றது. வந்தவர் பெட்டியிலும் வாங்கிய பழங்கட்டிலிலும் ஒளிந்து எவர் வீட்டிற்கும் வரக்கூடியதாதலின், இதில் வெட்கப்பட ஏதுமில்லை.

நஞ்சொன்றே போதுமெனில் இப்பூச்சி என்றோ ஒழிந்திருக்கும். டி.டி.ரி. பூச்சிகளைக் கொல்லும் என்பதைப் போல் முல்லர் 1939ஆம் ஆண்டிலே கண்டறிந்தார். 1948இல் நோபெல் பரிசும் பெற்றார். ஆனால், அதற்கு முந்திய ஆண்டிலேயே ஹவாய்த்தீவின் படைவீரர் குடியிருப்புகளில் அம்மருந்துக்கு அடங்காத மூட்டைப்பூச்சிகள் காணப்பட்டன. பின்வந்த மருந்துகள் பலவற்றையும் இன்று அவை தாங்கப் பழகிவிட்டன.

எமது நாட்டின் மலேரியா வரலாறும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. 1946 முதல் டி.டி.ரி. தெளித்ததன் பயனாக, 1963ஆம் ஆண்டில் நோயாளர் தொகை 17 ஆகக் குறைந்தது. வெற்றி கிட்டியதென்று கண்காணிப்புத் தளர்ந்தது. 1969இல் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். பின்னர், காய்ச்சற்காரரின் குருதியைச் சோதித்து, ஒவ்வொரு நோயாளியையும் தேடிக் கண்டு பார்த்துவந்தமையாலேயே 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. மருந்து ஒரு கருவி. காத்தது இடைவிடாத கவனிப்பே.

முதியோர் இல்லத்திலோ நஞ்சைக் கையாள்வதில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். படுக்கையிலிருப்பவர் புகைகண்டு எழுந்து வெளியே ஓடமாட்டார். இழுப்பு நோயாளருக்கு அப்புகையே பகையாகும். கரப்பொத்தானுக்கென்று சீனியும் போரிக் அமிலமும் கலந்து வைக்கும் உருண்டையை, நினைவு மங்கிய ஒருவர் தின்பண்டமென எடுத்து உண்ணவுங் கூடும்.

இவற்றை எடுத்துக் கூறவே பொறுப்பாளர் இசைந்தார். மூட்டைப்பூச்சிக்கு வெப்பமே பெரும் பகை. ஐம்பது பாகை செல்சியஸ் வெப்பத்தில் முட்டையும் பிழைக்காது. மாணவர்கள் கட்டில்களை முற்றத்துக்குக் கொணர்ந்து, பொருத்துகளில் கொதிநீர் வார்த்தனர். துணிகளைச் சுடுநீரில் ஊறவைத்துத் துவைத்தனர். மெத்தையை வெயிலில் இட்டால் மட்டும் போதாது. உள்ளே வெப்பம் எட்டாது, பூச்சியும் நிழற்பக்கம் நகர்ந்துவிடும். ஆதலின் வெடிப்பில்லாத உறைக்குள் அதனை மூடினோம். கட்டில்களைச் சுவரிலிருந்து விலக்கி இட்டோம். பத்து நாளளவில் முட்டை பொரிக்குமாதலால் வாரந்தோறும் பார்வையிட்டோம்; இரண்டாம் வாரத்தில் இரு கட்டில்களில் மீண்டும் பூச்சியைக் கண்டு அவ்வேலையைத் திரும்பவும் செய்தோம். இவ்வளவுக்கும் அடங்காவிடின், முதியோரை வேறிடத்தில் இருத்திவிட்டுப் பயிற்சி பெற்றவரைக்கொண்டு வெடிப்புகளில் மட்டும் மருந்திடுவித்தல் முறையாகும்.

கட்டில்களைத் தேடிய கண்ணுக்கு வேறொன்றும் புலப்பட்டது. உணவு அலுமாரியின் கால்களுக்கு எறும்பு ஏறாமல் வைத்த கிண்ண நீரில் நுளம்புக் குடம்பிகள் நெளிந்தன. டெங்கு நுளம்பு பகலிலே கடிப்பது. முதியோர் பகலிலும் உறங்குபவர். ஆகவே பகலுறக்கத்துக்கும் வலை வேண்டும். அதன் முட்டை கலத்தின் ஓரத்தில் ஒட்டி, நீர் வற்றியும் மாதக்கணக்கில் காத்திருக்குமாதலால், நீரைக் கொட்டினாற் போதாது. ஓரத்தைத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் நம் வீடுகளிலும் இதனைச் செய்வோமாக.

கூறைச்சேலை என்னவாயிற்று என்று வாசகர் கேட்பர். சரிகைப் பட்டைக் கொதிநீரில் இட முடியுமா? காற்றுப் புகாத பொலித்தீன் பையில் இட்டு, உறைகுளிர்ப் பெட்டியொன்றில், பூச்சியத்துக்குக் கீழ் பதினெட்டுப் பாகைக் குளிரில் நான்கு நாள் வைத்தோம். அக்குளிரும் அப்பூச்சியைக் கொல்லும். நான்கு நாளும் ஐயா, "சேலை பத்திரமோ தம்பி?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். ஐந்தாம் நாள் அதனைக் கையிற் கொடுத்தபோது மடிப்பு விரித்துப் பார்த்தார், மறுபடி மடித்தார், பின்பு தாமாகவே தம் கட்டிலை விட்டெழுந்து, "இனி இதையும் பாருங்கோ" என்றார். சட்டத்தின் அடிப்புறத்திலே பூச்சிகள் நிறைந்திருந்தன. முதல்நாளே அச்சேலைக்கு வழி சொல்லியிருந்தால் அக்கட்டிலையும் முதல்நாளே பார்த்திருக்கலாம். முதியோரிடம் செல்லும் மாணவர்கள் மின்சூளைக் கையிலெடுக்குமுன் அவர் அருகே சற்று அமர்ந்து பேசுவார்களாக.