காணும் பொங்கலுக்கு ஊசுட்டேரிக்கு வேன் வேண்டாம்

ஒருநாள் சுற்றுலா என்றதும் புதுச்சேரி தட்டாஞ்சாவடித் தெருக்களில் முதலில் வாயில் வருவது ஊசுட்டேரிதான். பக்கத்திலேயே இருக்கிறது, செலவும் இல்லை. காணும் பொங்கலன்று எங்கள் சங்கத்தின் சார்பில் அங்கே வேன் விடலாமா என்று உறுப்பினர்கள் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம் என்பதே எங்கள் முடிவு. ஏரிக்குப் போகவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. அந்த நாளில், அந்தக் கூட்டத்தோடு போகக் கூடாது என்கிறோம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்புகிறது. தண்ணீரை நம்பி ஊசிவால் வாத்து போன்ற வலசைப் பறவைகள் வடக்கிலிருந்து வந்து இறங்குகின்றன. தை பிறக்கும்போது அவை இங்கேதான் இருக்கும். நமக்கு விடுமுறை கிடைக்கும் நேரமும் அவை இரைதேடி உடம்பைத் தேற்றிக்கொள்ளும் நேரமும் ஒன்றாக வந்து விழுகின்றன.

சென்ற முறை எங்கள் வேனிலேயே பாட்டு போட்டுக்கொண்டு போனோம். கதவைத் திறந்ததும் கரையோரம் மேய்ந்துகொண்டிருந்த நாமக்கோழிகள் மொத்தமாக மிரண்டன. நாமக்கோழியால் இருந்த இடத்திலிருந்து சட்டென்று எழும்ப முடியாது. தண்ணீரைக் காலால் அடித்து அடித்து நெடுக ஓடித்தான் மேலெழும். அடுத்த வேன் வந்தது. மறுபடி அதே ஓட்டம். தின்று சேர்த்த தெம்பெல்லாம் இப்படியே வீணாகிறது. பிள்ளைகள் கைதட்டினார்கள். பெரியவர்கள் நாங்கள் யாரும் தடுக்கவில்லை.

வருஷத்துக்கு ஒருநாள் வெளியே போகிற குடும்பத்தின் ஆசையைக் கெடுக்கலாமா என்று கூட்டத்தில் ஒரு அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. குடும்பமாக நிழலில் உட்கார்ந்து பேச, 1826-இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய தாவரவியல் பூங்கா நகருக்குள்ளேயே இருக்கிறது. வேடந்தாங்கல்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிப் பட்டாசையே விட்டுக்கொடுத்தவர்கள். நாம் ஒரு வேனை விட்டுக்கொடுக்கலாம்.

ஏரியை ஊடறுத்து மாநில எல்லை போகிறது. புதுச்சேரி தன் பகுதியை 2008-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. தமிழ்நாடு சில ஆண்டுகள் கழித்துத் தன் பகுதியை அறிவித்தது. சரணாலயத்தில் விலங்குகளைச் சீண்டுவதையும் குப்பை போடுவதையும் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமே தடை செய்கிறது. கரையில் நிற்பவருக்கு எது எந்த மாநிலம் என்று தெரியாது. ஆகவே பார்வை நேரமும் விதிகளும் இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். வலசை மாதங்களில் இயந்திரப் படகு எந்தப் பக்கமும் ஓடக் கூடாது. இரு வனத்துறைகளிடமும் இதைக் கேட்கிறோம்.

எங்கள் பங்குக்கு, கார்த்திகை முதல் மாசி வரை மாதம் ஒரு ஞாயிறு விடியற்காலையில் பதினைந்து பேரை மட்டும் அழைத்துப் போவோம். பாட்டுப் பெட்டி கிடையாது. கரையில் கட்டுசோறு பிரிப்பதில்லை; ஒன்பது மணிக்குள் வீடு திரும்பி இங்கேயே சாப்பிடுவோம். வண்டி வசதி இல்லாத முதியவர்களுக்கு ஒவ்வொரு முறையும் ஐந்து இடம் ஒதுக்கப்படும்.