காலி பண்ணிட்டாங்க

2025 நவம்பரில், வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்கான (எஸ்.ஐ.ஆர்.) படிவத்தோடு எங்கள் கோடம்பாக்கம் தெருவுக்கு வந்த வாக்குச்சாவடி நிலை அலுவலர் (பி.எல்.ஓ.) அம்மா, எதிர்வீட்டு மாடியைக் காட்டி, "அவங்க எங்கே சார்?" என்று கேட்டார். "காலி பண்ணிட்டாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அந்த முஸ்லிம் குடும்பத்தின் போன் நம்பர் என்னிடம் இருந்தது. கூப்பிட்டுச் சொல்ல ஒரு நிமிடம் போதும். சொல்லவில்லை.

டிசம்பர் 19-ல் வரைவு வாக்காளர் பட்டியல் வந்தது. தமிழ்நாட்டில் 97 லட்சத்துக்கும் மேல் பெயர்கள் இல்லை. அதில் 66 லட்சம் பேர் இடம் மாறியவர்கள், முகவரியில் இல்லாதவர்கள். எங்கள் தெருவில் அவரவர் பெயரைத் தேடினோம். இருந்தது. அதோடு சரி.

இடம் மாறியவர்களில் எத்தனை பேரை நாமே மாற்றினோம்? வாசலில் டு-லெட் பலகை தொங்கும்போதே, பெயரைக் கேட்டதும் "வீடு முடிஞ்சிடுச்சே" என்போம். 'சைவம் மட்டும்' என்று எழுதிவைப்போம். திருநங்கை என்றால் கதவைக்கூடத் திறப்பதில்லை. அவர்கள் வீடு வீடாக அலைகிறார்கள். கிடைத்த வீட்டிலும், வரிக்குப் பயந்து நாம் வாடகை ஒப்பந்தம் எழுதித் தருவதில்லை. ஒப்பந்தம் இல்லையென்றால் புது முகவரிக்கு என்ன சான்று காட்டுவார்கள்? ஓட்டு பழைய தெருவிலேயே கிடந்து, ஒருநாள் அழிந்துபோகிறது.

சான்று இல்லாமல் ஓட்டுப் போன கதை நமக்குப் புதிதல்ல. இலங்கையில் 1948-ன் குடியுரிமைச் சட்டம் தகப்பன் பிறந்த இடத்துக்குச் சான்று கேட்டு மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டே அவர்களுடைய ஓட்டும் போனது. அந்த அநியாயத்தை நாம் மேடைதோறும் பேசியிருக்கிறோம். இங்கே நடந்ததும் அதுவும் ஒன்றல்ல; இங்கே பெயரைத் திரும்பச் சேர்க்க வழி இருக்கிறது. ஆனாலும் 2002, 2005 பட்டியல்களில் உன் பெயரோ பெற்றோர் பெயரோ எங்கே என்று படிவம் கேட்டபோது, ஊர் ஊராக வாடகைக்கு இருந்தவர்கள் திணறினார்கள். பக்கத்தில் உட்கார்ந்து தேடிக்கொடுக்க நமக்கு நேரமில்லை. அதே இரவுகளில் சீரியல் பார்க்க நேரமிருந்தது.

போன வாரம் அந்தக் குடும்பத்தைக் கூப்பிட்டேன். நான்கு பேருக்கும் ஓட்டு இல்லை. "பரவாயில்லண்ணே" என்றார் அந்தத் தம்பி. அந்த வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. மறுநாளே அவர்கள் வீட்டுக்குப் போய், பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6-ஐ நான்கு பேருக்கும் நிரப்பினோம்.

உங்கள் மாடியில் குடியிருப்பவருக்கு இந்த மாதமே ஒப்பந்தம் எழுதிக் கொடுங்கள். காலி செய்து போனவர்களின் நம்பர் இருந்தால், இன்றே கூப்பிட்டுக் கேளுங்கள்.