சுபாவம் அறிந்து துலக்குவோம்

முன்புறம் கதவு வைத்த எங்கள் வீட்டுச் சலவை இயந்திரத்தில், வாளியில் துணி ஊறவைப்பதற்கென்று வாங்கியிருந்த சோப்புத் தூள் இரண்டு கைப்பிடி விழுந்த அன்று, சோப்புப் பெட்டியின் வழியே நுரை பொங்கிக் கூடம்வரை பரவி இயந்திரம் நின்றுபோனவுடன், காரணம் இன்னதென்று விசாரிக்கும் முன்பே வேலைக்கு வரும் அம்மாளின்மீது பழி விழுந்துவிட்டது. எந்தத் தூளை எதற்கு எடுப்பது என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்காத நாங்களே குற்றவாளிகள் என்பது மறுநாள்தான் எனக்கு உறைத்தது.

அவ்வகை இயந்திரம் சொற்ப நீரிலேயே துணியை மேலே தூக்கிக் கீழே விழச்செய்து வெளுப்பது. கைத்துவையலுக்கான தூளோ தாராளமாக நுரைக்கும்படி தயாரிக்கப்படுவது. அந்த நுரை மெத்தையைப் போல் நின்று துணியின் வீழ்ச்சியைத் தாங்கிக்கொள்வதால் அழுக்கும் போவதில்லை. நீரை இறைக்கும் பம்பும் நுரையை இறைக்க மாட்டாமல் திணறுகிறது.

பித்தளைக்குப் புளி, எண்ணெய்ப் பிசுக்குக்குச் சாம்பல், எண்ணெய் தேய்த்த தலைக்குச் சீயக்காய் என்று வஸ்துவின் சுபாவத்துக்கேற்ற மருந்தைத் தேர்ந்த விவேகம் நம் பாட்டிமாருக்கு இருந்தது. புதிய வஸ்துக்கள் வீட்டுக்குள் வந்த வேகத்தில் அவற்றைப் பற்றிய ஞானம் வரவில்லை. அலுமினியம் தன்மேல் மெல்லிய ஆக்ஸைடுப் படலத்தைப் போர்த்தித் தன்னைக் காத்துக்கொள்வது. சலவைச் சோடாவில் ஊறவைத்தால் காரம் அப்படலத்தைக் கரைத்துக் குக்கரைக் கறுக்கச் செய்வதோடு உலோகத்தையும் அரிக்கிறது. குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் கலந்த எவர்சில்வரும் அத்தகைய படலத்தால்தான் துருவுக்குத் தப்புகிறது. குளோரின் கலந்த வெளுப்பு நீர் அதில் நெடுநேரம் தங்கினால் ஊசிமுனை போன்ற குழிகள் விழுகின்றன.

பாத்திரமும் இயந்திரமும் கெட்டால் பணநஷ்டத்தோடு போயிற்று. ஆனால், இரண்டு மருந்து சேர்ந்தால் இரட்டிப்புச் சுத்தம் என்றெண்ணிக் கழிவறையில் ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரைக் கலப்பவர், 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர் நகரருகே ஜெர்மானியப் படை எதிரிகள்மீது ஏவிய அதே குளோரின் வாயுவைக் காற்றோட்டமற்ற சிறு அறைக்குள் தாமே உண்டாக்கிக்கொள்கிறார்.

ஆகவே, இத்தகைய துப்புரவுப் பொருள்களைத் தயாரித்து விற்போர், எந்த வஸ்துவில் பிரயோகிக்கலாகாது, எதனோடு கலக்கலாகாது என்ற இரண்டையும், டப்பாவின் முன்புறத்திலேயே, தமிழில், கண்ணாடி தேடாமல் வாசிக்கத்தக்க எழுத்தில் அச்சிடவேண்டும் என்பதும், அரசு அதனைக் கட்டாயமாக்க வேண்டும் என்பதும் என் திடமான அபிப்பிராயம். வேலை செய்பவரிடம் புட்டியை மட்டும் கொடுத்துவிட்டு, விபரீதம் நேர்ந்தபின் சம்பளத்தில் பிடிப்பது நியாயமாகாது.

நான் அந்த அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டு, இரு டப்பாக்களிலும் பெயர் எழுதி ஒட்டப் போனபோது, “எழுத்து எனக்குத் தெரியாதுங்க ஐயா, படம் போட்டு ஒட்டுங்க” என்றார். இன்று ஒன்றில் வாளியின் படமும் மற்றதில் இயந்திரத்தின் படமும் இருக்கின்றன. டப்பாவில் எழுத்தோடு படமும் வேண்டும் என்ற கோரிக்கையை, அவருடையதாகவே, இங்கே சேர்த்துக்கொள்கிறேன்.